சான்றிதழ் கேட்பதற்கு முன் தடுப்பூசி போட்டுக்கொள்வோம்

(உலக ஹெபடைடிஸ் தினத்தை ஒட்டி நம் குடியிருப்பின் பொது அறையில் நடந்த கூட்டத்தில், நம்மோடு வசிக்கும் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



மழையிலும் இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு நன்றி. பேச்சை நீட்டாமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற நிர்வாகக் குழுக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வந்தது. “நம் குடியிருப்பில் வெளிமாநில ஆட்கள் கூடிவிட்டார்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், சமையல், தோட்ட வேலை என்று தினமும் உள்ளே வருகிறார்கள். ஹெபடைடிஸ் பி இல்லை என்று இரத்தப் பரிசோதனைச் சான்றிதழ் கொண்டு வந்தால்தான் கேட் பாஸ் தர வேண்டும்” என்பது அது. மருத்துவர் என்ற முறையில் என் கருத்தைச் சொல்லும்படி செயலாளர் கேட்டார்.

அந்தக் கோரிக்கையை வைத்தவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. வீட்டில் பேரக்குழந்தை இருக்கிறது, பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சான்றிதழ் உங்கள் பேரக்குழந்தையைக் காப்பாற்றாது. எது காப்பாற்றும் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

எது பரப்பும், எது பரப்பாது

மஞ்சள் காமாலை என்றாலே நமக்கு ஒரே நோய். உண்மையில் காமாலை ஓர் அறிகுறி மட்டும்தான். கல்லீரலைத் தாக்கும் வைரஸ்கள் பல. அவற்றில் ஹெபடைடிஸ் ஏ, ஈ இரண்டும் அசுத்தமான குடிநீர், உணவு வழியாக வருபவை. நம் தண்ணீர்த் தொட்டியை ஒழுங்காகக் கழுவினால் இவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

ஹெபடைடிஸ் பி அப்படி இல்லை. அது இரத்தம் வழியாகவும் உடலின் சில திரவங்கள் வழியாகவும் பரவுகிறது. தொற்று உள்ள தாயிடமிருந்து பிரசவ நேரத்தில் குழந்தைக்கு வரலாம். ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் வரலாம். பரிசோதிக்காத இரத்தம், பாதுகாப்பற்ற உடலுறவு, ஒரே பிளேடில் பலருக்குச் சவரம், ஒரே ஊசியில் பலருக்குப் பச்சை குத்துவது, இவையெல்லாம் வழிகள். உடலுக்கு வெளியே காய்ந்த இரத்தத்தில்கூட இந்த வைரஸ் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். 2009-ல் குஜராத்தில் மொடாசா பகுதியில் இது பெருமளவில் பரவி உயிர்களைக் குடித்தது. அதற்குக் காரணம் வெளியூர்க்காரர்கள் இல்லை. பயன்படுத்திய ஊசியையே திரும்பப் பயன்படுத்தியதுதான்.

எது பரப்பாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்து சாப்பிடுவதால் வராது. தொற்று உள்ளவர் சமைத்ததைச் சாப்பிடுவதால் வராது. ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பது, கை குலுக்குவது, கட்டிப்பிடிப்பது, இருமல், தும்மல், ஒரே கழிவறை, எதனாலும் வராது. உங்கள் வீட்டில் சமைக்கும் அம்மாவுக்கு ஹெபடைடிஸ் பி இருந்தால், அவர் வைத்த சாம்பாரில் அது வந்துவிடாது. சமையலிலிருந்து அவரை நிறுத்த மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது.

யாருக்கு இருக்கிறது?

உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ல் உலகில் 25 கோடியே 40 லட்சம் பேர் நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தார்கள். அந்த ஓராண்டில் இறந்தவர்கள் சுமார் 11 லட்சம் பேர். இந்தியாவில் மட்டும் தொற்று உள்ளவர்கள் 2 கோடியே 98 லட்சம் பேர். அதாவது நூறு பேருக்கு இரண்டு பேர்.

இந்தக் கணக்கை நம் குடியிருப்பில் வைத்துப் பாருங்கள். குடியிருப்பவர்களும் பணியாளர்களும் சேர்ந்து 300 பேர் என்றால் ஐந்தாறு பேருக்கு இருக்கக்கூடும். அவர்கள் கேட்டில் நிற்பவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கலாம். உலக அளவில் தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு 13 பேருக்குத்தான் தங்களுக்கு அது இருப்பதே தெரியும். சிகிச்சை பெறுபவர்கள் நூற்றுக்கு 3 பேர். பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இருக்காது. பசிக்கும், தூக்கம் வரும், வேலை செய்யலாம். உள்ளே கல்லீரல் சுருங்கிக்கொண்டே வரும். சிலருக்குப் புற்றுநோயில் போய் முடியும்.

நடிகர் அமிதாப் பச்சனை எல்லோருக்கும் தெரியும். 1982-ல் ‘கூலி’ படப்பிடிப்பில் அடிபட்டுக் கிடந்தபோது ஏற்றிய இரத்தத்தின் வழியாகத் தனக்கு இந்தத் தொற்று வந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிய வந்தது. அதற்குள் கல்லீரலில் 75 சதவீதம் போய்விட்டது என்றும் சொன்னார். 2017-ல் உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்கான ஹெபடைடிஸ் நல்லெண்ணத் தூதராக அவரை நியமித்தது. அவர் நாளை நம் குடியிருப்புக்கு வந்தால் சான்றிதழ் கேட்போமா? செல்ஃபி எடுக்க வரிசையில் நிற்போம். படத்தில் கூலியாக நடித்தவருக்கு ஒரு மரியாதை, நிஜமாகவே கூலி வேலை செய்பவருக்கு இன்னொரு மரியாதையா? காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். நோயைப் பற்றிய பயமும் சில சமயம் அப்படித்தான் பார்க்கிறது.

யார் வெளியூர்க்காரர்?

இந்த மலையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதல்ல. மேலே சேர்வராயன் கோயிலில் மே மாதத் திருவிழாவுக்குக் கூடும் மலையாளி மக்கள்தான் இந்த மலைக்கு மூத்தவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றுதான் அவர்களே சொல்கிறார்கள். அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனதாக ஒரு கதை உண்டு. பிறகு 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். எஸ்டேட் வேலைக்குச் சமவெளியிலிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். இன்று காப்பித் தோட்டத்திலும் கட்டட வேலையிலும் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார்க்காரர்களைப் பார்க்கிறோம். நாமும் சேலத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் குளிருக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள்தானே?

இன்னொன்றும் இருக்கிறது. நம்மில் பாதிப் பேரின் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2008-ல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. நூற்றுக்கு இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் தொற்று உள்ள நாடுகளில் பிறந்து அங்கே குடியேறியவர்கள் எல்லோரும் ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் உண்டு. நியூ ஜெர்சியில் மென்பொருள் எழுதும் உங்கள் மகன், அங்குள்ள மருத்துவருக்குப் ‘புலம்பெயர்ந்தவர்’. பரிசோதனை செய்யச் சொன்னார்களே தவிர, அபார்ட்மென்ட் வாசலில் நிறுத்தச் சொல்லவில்லை. கண்டுபிடித்தால் சிகிச்சை கொடுக்கலாம் என்பதுதான் நோக்கம். 2023-ல் இந்தப் பரிந்துரையை மாற்றி, எங்கே பிறந்திருந்தாலும் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் வாழ்நாளில் ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

சான்றிதழைக் கதவாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வளைகுடா உதாரணம் இருக்கிறது. அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு விசாவுக்கு முன் மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் ஹெபடைடிஸ் பி-யும் ஒன்று. இருந்தால் ‘அன்ஃபிட்’. கடன் வாங்கி ஏஜென்டுக்குப் பணம் கட்டிய பையன் அந்தத் தாளோடு ஊர் திரும்புகிறான். வேலை போன கவலையில் கல்லீரலை யார் நினைப்பார்கள்? சொன்னால் கல்யாணம் தடைபடும் என்று வீட்டில் மறைப்பார்கள். நாமும் கேட்டில் அதையே செய்தால், பரிசோதனைக்குப் பயந்து ஓடுபவர்கள் கூடுவார்கள். போலிச் சான்றிதழ் வாங்குபவர்களும் கூடுவார்கள். தொற்று மட்டும் குறையாது.

வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஆபத்து எங்கே?

வெளிமாநிலத்தவர் என்பதால் ஒருவர் நோயைக் கொண்டுவருவதில்லை. ஆனால் ஊர் மாறுவதால் அவருக்குச் சில தனி ஆபத்துகள் உண்டு. இதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, தடுப்பூசி. இந்தியாவில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 2002-03-ல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் சோதனை முறையில் தொடங்கியது. பிறகு பத்து மாநிலங்களுக்கு விரிந்து, 2011-ல்தான் நாடு முழுவதும் வந்தது. இன்று 25 வயதாகும் நம் செக்யூரிட்டி தம்பி பிறந்தபோது அவர் ஊரில் இந்த ஊசி பெரும்பாலும் இருந்திருக்காது. நாம் பிறந்தபோதும் இல்லை. அவரும் நாமும் இந்த விஷயத்தில் ஒரே நிலைமைதான்.

இரண்டாவது, பிரசவம். பிறந்த குழந்தைக்குத் தொற்று வந்தால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். பெரியவர்களுக்கு வந்தால் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகவே தங்கும், மற்றவர்களின் உடலே அதை வென்றுவிடும். அதனால் முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் இதுவும் சேர்ந்து வருகிறது. தாய்க்குத் தொற்று இருந்தால் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் உடனே போட வேண்டும். கர்ப்ப காலத்தில் தாயைப் பரிசோதித்திருந்தால்தானே இது தெரியும்? ஏழு மாதம் வரை ஒரு மாநிலத்தில், பிரசவம் இன்னொரு மாநிலத்தில் என்று இருக்கும் பெண்ணுக்கு இந்தக் கண்ணி அறுந்துபோகிறது. கட்டட வேலை நடக்கும் இடங்களில் தகரக் கொட்டகையில் கர்ப்பிணிகளைப் பார்க்கிறோமே, அவர்களைத்தான் சொல்கிறேன்.

மூன்றாவது, மாத்திரை. ஹெபடைடிஸ் பி-க்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் என்ற நல்ல மருந்துகள் இருக்கின்றன. தொற்று உள்ள எல்லோருக்கும் அவை தேவைப்படாது. தேவைப்படுபவர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் தினமும் ஒன்று சாப்பிட வேண்டியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வைரஸ் மீண்டும் கிளம்பிக் கல்லீரலை வேகமாகத் தாக்கலாம். சேலத்தில் மாத்திரை வாங்கியவர் தீபாவளிக்கு ஊருக்குப் போய், அங்கிருந்து சூரத்துக்கு வேலைக்குப் போனால், இடையில் மாத்திரை நின்றுபோகிறது.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் எஸ்டேட்டுகளில் மருத்துவ வசதி வேண்டும் என்றது. 1979-ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் இலவச மருத்துவ வசதி தர வேண்டும் என்றது. இன்று நம் குடியிருப்புக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியிடம் சம்பளக் கணக்கைக் கேட்கிறோம். இதைப் பற்றி ஒருநாளாவது கேட்டிருக்கிறோமா?

நம் குப்பைக் கூடையில் இருப்பது

இனி, கொஞ்சம் சங்கடமான விஷயம். இந்தக் குடியிருப்பில் ஹெபடைடிஸ் பி பரவக்கூடிய இடம் எது என்று என்னைக் கேட்டால், முதலில் குப்பைக் கூடையைக் காட்டுவேன்.

நம்மில் பலருக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி, சுகர் பார்க்க விரலில் குத்தும் ஊசி, சவர பிளேடு எல்லாவற்றையும் காய்கறித் தோலோடு ஒரே பையில் கட்டி வெளியே வைக்கிறோம். அதைக் கையால் பிரிப்பவர் தூய்மைப் பணியாளர். தடுப்பூசி போடாத ஒருவருக்கு, தொற்று உள்ளவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. எச்.ஐ.வி.க்கு இதே வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்றுதான். அவரிடமிருந்து நமக்கு வரும் என்று பயப்படுகிறோம். உண்மையில் நம்மிடமிருந்து அவருக்குப் போகும் வழிதான் திறந்து கிடக்கிறது. பயன்படுத்திய ஊசிகளை வீட்டு அபாயக் கழிவாகத் தனியே பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன.

கீழாநெல்லி போதாதா?

இதை மூன்று பேர் என்னிடம் தனியாகக் கேட்டுவிட்டீர்கள். கீழாநெல்லிக்கும் ஹெபடைடிஸ் பி-க்கும் உள்ள உறவு ஆராய்ச்சிக்குப் போனது நம் சென்னையில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988-ல் ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது என்றது அந்த ஆய்வு. இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க் அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் ஹெபடைடிஸ் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. புளூம்பெர்க் பெயர் இருந்தும் அறிவியல் அதை அப்படியே ஏற்கவில்லை, திரும்பத் திரும்பச் சோதித்தது. கீழாநெல்லியை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சாதாரணக் காமாலை பல சமயம் தானாகவே இறங்கிவிடும். பெயர் மட்டும் மருந்துக்குப் போகும்.

நாம் செய்யக்கூடியவை

சங்கத்தின் முன் ஐந்து யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: கேட் பாஸுக்குச் சான்றிதழ் கேட்பதைக் கைவிடுவோம். அதற்குப் பதிலாக, தடுப்பூசி முகாம் ஒன்று நடத்துவோம். குடியிருப்பவர்களும் பணியாளர்களும் ஒரே வரிசையில் நிற்கட்டும். பெரியவர்களுக்கு மூன்று ஊசி: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. பணியாளர்களுக்கான செலவைச் சங்கமும் ஏஜென்சியும் பகிர்ந்துகொள்ளலாம். இடையில் ஒருவர் வேலையை விட்டுப் போனால் பணம் வீண் என்று நினைக்காதீர்கள். மீதி ஊசியை எந்த ஊரிலும் போடலாம், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. தேதி எழுதிய அட்டையைக் கையில் கொடுத்து, அவர் செல்போனிலும் ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு: ஊசி போடும் முன் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற இரத்தப் பரிசோதனையை விரும்பியவர்கள் செய்துகொள்ளலாம். முடிவு அவருக்கும் மருத்துவருக்கும் மட்டும். சங்க அலுவலகத்துக்கு வேண்டாம், வாட்ஸ்அப் குழுவுக்குக் கண்டிப்பாக வேண்டாம். தொற்று இருப்பதாகத் தெரிந்தால் வேலை போகாது என்பதைச் சங்கம் எழுத்தில் உறுதி தர வேண்டும். அந்த உறுதி இல்லாமல் யாரும் கையை நீட்ட மாட்டார்கள்.

மூன்று: தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலை 28 முதல் நடக்கிறது. அதில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். தொற்று உள்ளவர்கள் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் இந்தத் திட்டத்தைப் பற்றிக் கேட்கலாம். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், ஒருநாள் கூலி போகும். அந்த ஒருநாள் சம்பளத்தைப் பிடிக்காமல் இருந்தாலே பெரிய உதவி. ஊர் மாறும்போது சிகிச்சைத் தாள்களைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். இது நாடு முழுவதற்குமான திட்டம், அங்கேயும் தொடரலாம். அவருடைய மனைவி, பிள்ளைகளும் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நான்கு: பயன்படுத்திய ஊசி, பிளேடுகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, ‘ஊசி’ என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர்களுக்குத் தடித்த கையுறை வாங்கிக் கொடுப்போம். யாருக்காவது ஊசி குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்க வேண்டாம், உறிஞ்ச வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 24 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து கொடுத்தால் நல்ல பலன் உண்டு.

ஐந்து: நம் வளாகத்திலோ பக்கத்துக் கட்டட வேலையிலோ கர்ப்பிணி யாராவது இருந்தால் கிராம சுகாதார செவிலியருக்குத் தகவல் சொல்லுங்கள். மொழி தெரியாத இடத்தில் அந்தப் பெண்ணால் தானாகப் போய்ப் பதிவு செய்ய முடியாமல் போகலாம். நம்மில் இந்தி தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இருக்கிறீர்கள். ஒருமுறை உடன் போய் வாருங்கள். பிறக்கும் குழந்தைக்கு முதல் நாளே ஊசி விழுந்தால் ஒரு வாழ்நாள் நோய் தடுக்கப்படுகிறது.

பேரக்குழந்தையைப் பற்றிப் பயப்பட்டவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. வீட்டுக்குப் போனதும் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பிறந்த அன்று ஒன்று, பிறகு மூன்று, எல்லாம் போட்டிருந்தால் அந்தக் குழந்தைக்குப் பாதுகாப்பு இருக்கிறது, கேட்டில் யார் வந்தாலும் கவலை வேண்டாம். அட்டையைப் பார்த்து முடித்ததும் அதே கேள்வியை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் போட்டிருக்கிறீர்களா?

முகாமுக்குப் பெயர் கொடுக்கும் நோட்டு செயலாளர் மேசையில் இருக்கிறது. முதல் பெயர் என்னுடையது. இரண்டாவது பெயரைக் கீழே கேட்டில் இருக்கும் தம்பி எழுதியிருக்கிறார்.